இரண்டாவது இருக்கையில் யார்?



தன் கையால் விமானம் செய்தவன் முதல் தடவை அதைத் தனியாகத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும், கூட ஆள் தேடுகிறவன் கோழை என்று ஒரு பேச்சு உண்டு. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் கூடும் எங்கள் பென்ஷன்காரர் கூட்டத்திலும் இந்தப் பேச்சு அடிபட்டது. சொன்னவர்கள் எல்லாம் என் வயதுக்காரர்கள், நல்லவர்கள், பேரன் சைக்கிள் ஓட்டப் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடியவர்கள். சைக்கிளுக்கு ஒரு நியாயம், ஆகாய விமானத்துக்கு ஒரு நியாயமா? அங்கே பேசி முடிக்க நேரம் போதவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

பேச்சு கிளம்பிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகன் பிரான்சில் இருக்கிறான். புதுச்சேரியில் சொல்தா குடும்பம் என்றால் அங்கே பாதி, இங்கே பாதி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவன் ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அங்கே இது சட்டப்படி சரியான காரியம். இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன், 1946லேயே, வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கென்று ஒரு சங்கம் அங்கே தொடங்கிவிட்டது. இப்போது அவன் விமானம் தயார். "மாமா, எல்லாம் முடிந்தது. சோதனைக்குக் கூட வர அனுபவமுள்ள ஆள்தான் கிடைக்கவில்லை" என்கிறான் போனில். இதைத்தான் நம் கூட்டம் கோழைத்தனம் என்றது.

முன்னோடிகள் எல்லாம் தனியாகத்தானே பறந்தார்கள் என்பது அவர்களின் முதல் வாதம். அதை முதலில் பார்ப்போம்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு முதலில் பறந்தவர்கள் ரைட் சகோதரர்கள் அல்ல, கிளெமான் அதேர். 1890 அக்டோபர் 9ஆம் தேதி தன் நீராவி இயந்திரத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுமார் 50 மீட்டர் போனார். 'அவியோன்' என்ற சொல்லே அவர் கொடுத்ததுதான். அதைப் பறத்தல் என்று ஒப்புக்கொள்வதா இல்லையா என்று ஆங்கிலப் பள்ளிக்காரர்களோடு நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமல்ல. நம் பக்கத்திலேயும் ஒருவர் இருந்தார். சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜாக்கமோ டி ஆஞ்சலிஸ். 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியதைக் கேட்டு ஆசைப்பட்டு, சிம்சன் கம்பெனியில் கொடுத்து ஒரு விமானம் செய்தார். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு 1910 மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார்.

அதேரும் ஆஞ்சலிஸும் துணையாள் தேடவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் தேடினாலும் யார் கிடைத்திருப்பார்கள்? ஆஞ்சலிஸ் பறந்த நாளில் நம் தேசத்தில் அனுபவப்பட்ட விமானி என்று ஒருவரைக் காட்ட முடியுமா? ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அலகாபாத்திலிருந்து தபால் மூட்டையோடு பறந்தது கூட அடுத்த வருஷம், 1911 பிப்ரவரியில்தான். அவர்களுக்குக் கேட்க ஆள் இல்லை. நமக்கு ஆள் இருக்கிறது. டாக்டர் இல்லாத காலத்தில் பாட்டி வீட்டிலேயே பிரசவம் பார்த்தாள் என்பதற்காக, ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கும்போது பேத்தியை வீட்டில் வைத்துக்கொள்வது வீரமாகுமா?

ஆள் இருந்தும் கேட்காதவர்கள் கதை வேறு. ஆன்ரி மிஞே என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1933இல் தானே ஒரு குட்டி விமானம் செய்து, தானே பழகிப் பறந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பூ து சியேல்'. தமிழில் சொன்னால் வானத்துப் பேன். ஆங்கிலேயர்கள் கொஞ்சம் மரியாதை கொடுத்துத் தெள்ளுப்பூச்சி ஆக்கினார்கள். 1934இல் செய்முறையைப் புத்தகமாகப் போட்டார். தச்சு வேலை தெரிந்தவன் எவனும் செய்யலாம், விமானிகளின் தயவு வேண்டாம் என்பது அவர் கொள்கை. பிரான்சிலும் இங்கிலாந்திலும் வீட்டுக் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கான பேர் ரம்பத்தை எடுத்தார்கள். 1935இலும் 1936இலும் ஆட்கள் சாக ஆரம்பித்தார்கள். மூக்கு ஓர் அளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால் முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒன்றை ஒன்று கெடுத்து, ஓட்டுபவர் எவ்வளவு இழுத்தாலும் நிமிராமல் தரையில் போய்க் குத்தியது. இரு நாட்டு அரசாங்கங்களும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் காரணத்தைக் கண்டன. அதுவரைக்கும் ஒவ்வொருவரும் தன் பிழை என்றே நினைத்திருப்பார்கள். சோதனை விமானம் ஓட்டித் தழும்பேறிய நாலு பேரிடம் முதலிலேயே ஓட்டக் கொடுத்திருந்தால், மூக்கு சாயும்போது ஏதோ சரியில்லை என்று அவர்கள் முன்னதாகவே எழுதி வைத்திருக்க வாய்ப்புண்டு என்பது என் கட்சி.

அடுத்த வாதம்: ஏழு வருஷம் ஆணி ஆணியாகக் கட்டியவனைவிட அந்த விமானத்தை யார் அறிவார்? இது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டத் தெரிவது வேறு, ஓட்டத் தெரிவது வேறு. கட்டுமரம் கட்டுகிற தச்சர் எல்லாரும் கடலுக்குப் போகிறாரா? அதுமட்டுமல்ல, கட்டுகிற வருஷங்களில் இவர்கள் பறப்பதே இல்லை. பணமும் ஞாயிற்றுக்கிழமையும் கொட்டகைக்கே போய்விடுகின்றன. லைசென்ஸ் பெட்டியில் இருக்கும், கை மறந்திருக்கும். ஆக, வாழ்க்கையிலேயே கஷ்டமான ஒரு பறத்தலை, வாழ்க்கையிலேயே பழக்கம் விட்டுப்போன நேரத்தில் செய்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பெற்ற பிள்ளைக்கு அப்பனே ஆபரேஷன் செய்யக் கூடாது என்பார்கள். தரையை விட்டு எழும்பி 300 அடியில் எஞ்சின் நின்றால் நேரே முன்னால் தெரிகிற வயலிலோ பொட்டலிலோ இறக்க வேண்டும். விமானம் நொறுங்கும், ஆள் பிழைப்பான். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஏழு வருஷ உழைப்பை வயலில் கொண்டுபோய் உடைக்கக் கட்டியவனுக்கு மனம் வராது. திரும்பி ஓடுபாதைக்கே கொண்டுபோய்விடலாம் என்று திருப்புவான். வேகம் குறைந்த நிலையில் திருப்பினால் இறக்கை காற்றின் பிடியை விடும். கதை முடிந்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவனுக்கு அந்த விமானத்தின் மேல் பாசம் இல்லை. அந்தப் பாசமின்மைக்காகவே அவனைக் கூட்டிப் போகச் சொல்கிறேன்.

புது விமானம் என்றால் வேகம் காட்டும் முள் சரியாகக் காட்டுகிறதா என்றே தெரியாது. எரிபொருள் குழாயில் காற்றுக் குமிழி இருக்கலாம். எஞ்சின் சூடு ஏறலாம். கதவு திறந்துகொள்ளலாம். இத்தனையும் முதல் ஐந்து நிமிஷத்தில் சேர்ந்தே வரலாம். ஒருவனுக்கு இரண்டு கண், இரண்டு கை. வெளியே பார்த்து ஓட்டுவானா, உள்ளே முள்ளைப் பார்ப்பானா, வானொலியில் பேசுவானா? இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஓட்டலாம், மற்றவர் பார்த்துச் சொல்லலாம்.

இனி கடினமான கேள்விக்கு வருகிறேன். இதைக் கேட்டது பென்ஷன்காரர் யாரும் இல்லை, என் தங்கை. "அண்ணா, என் பிள்ளை ஆசைப்பட்டான், அவன் போகிறான். அடுத்த வீட்டுப் பிள்ளையை ஏன் கூட ஏற்ற வேண்டும்? ஒரு உயிர் போதாதா?" என்றாள். மற்ற வாதங்கள் எல்லாம் மீசை முறுக்கல். இது தர்ம நியாயம். அமெரிக்க அரசாங்கமே நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தது. வீட்டில் கட்டிய விமானம் முதல் 25 மணி நேரமோ 40 மணி நேரமோ சோதனையில் இருக்கும், அதுவரை ஓட்டுவதற்கு அவசியமானவர் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது என்பது அங்கே விதி. சின்ன விமானத்துக்கு ஓட்ட ஒருவரே போதும். ஆக, தனியாகத்தான் போக வேண்டும்.

பிறகு 2012இல் அங்குள்ள விபத்து விசாரணை வாரியம் இந்த வகை விமானங்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தது. எஞ்சின் கோளாறும், காற்றில் கட்டுப்பாடு இழப்பதும்தான் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் என்றும், முதல் பறத்தலிலும் அதை அடுத்த சில மணி நேரங்களிலும் ஆபத்து கூடுதல் என்றும் கண்டார்கள். 2014இல் விதியைத் தளர்த்தினார்கள். தகுதி உள்ள இரண்டாவது விமானி ஒருவர் சோதனையில் கூட வரலாம். ஆனால் அந்தத் தகுதியைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இதே மாதிரி விமானத்தில் எத்தனை மணி நேரம், சமீபத்தில் எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. தகுதி குறைந்த நண்பர் கூட வர வேண்டுமானால் ஆரம்பச் சோதனைகள் முடிந்த பிறகுதான். வேடிக்கை பார்க்க வருபவருக்கு அப்போதும் இடமில்லை.

ஆகவே தங்கைக்கு என் பதில் இதுதான். பாவம் என்பது அறியாதவனை ஏற்றுவது. ஆபத்து என்னவென்று உன் பிள்ளையைவிட அதிகம் தெரிந்தவர், தெரிந்தே வருகிறார். தீயணைப்பு வண்டியில் இரண்டாவது ஆள் எதற்கு என்று நாம் கேட்பதில்லை. அவர் வருவதால் இரண்டு பேர் சாகும் சாத்தியம் உண்டு, மறுக்கவில்லை. இருவரும் வீடு திரும்பும் சாத்தியம் அதைவிடக் கூடும் என்றால்தான் ஏற்ற வேண்டும். அவர் எடையைச் சேர்த்தால் விமானம் ஏறத் திணறும், சமநிலை கெடும் என்றால் ஏற்றக் கூடாது. அப்போது அந்த அனுபவஸ்தரே முதல் தடவை தனியாக ஓட்டட்டும், கட்டியவன் கீழே நின்று பார்க்கட்டும். இதைச் சொன்னால்தான் கட்டியவர்களுக்கு முகம் சுருங்குகிறது. முதல் பறத்தலின் பெருமை போய்விடுமாம்.

'அனுபவம்' என்ற சொல்லிலும் ஒரு மோசடி இருக்கிறது. பெரிய ஜெட் விமானம் 15,000 மணி நேரம் ஓட்டிய கேப்டன் என்றதும் நாம் கை கூப்பிவிடுகிறோம். 600 கிலோ எடையுள்ள பொம்மை மாதிரி விமானம் குறுக்குக் காற்றில் எப்படி ஆடும் என்பது அவருக்கு மறந்தே போயிருக்கலாம். எங்கள் பள்ளியில் குட்டி இளவரசன் கதையை எங்களுக்குப் பாடமாக வைத்தார்கள். எழுதிய சேந்த் எக்சுபெரி தபால் விமானத்தில் ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் சுற்றியவர். அவரைவிட அனுபவம் யாருக்கு? அதே மனிதர் லாத்தேகோவேர் கம்பெனியில் சோதனை விமானியாகப் போனார். 1933 டிசம்பரில் சேந்த் ரஃபாயேல் விரிகுடாவில் ஒரு கடல் விமானத்தைத் தப்பாக இறக்கிக் கவிழ்த்து, தண்ணீருக்குள் மூழ்கிச் சாகத் தெரிந்து பிழைத்தார். அவர் கற்பனையை நான் கும்பிடுகிறேன். சோதனைக்கு வேண்டியது கற்பனை அல்ல. சொன்ன உயரத்தில், சொன்ன வேகத்தில், சொன்ன ஒரு காரியத்தை மட்டும் செய்து, எழுதிக்கொண்டு, இறங்கிவிடுகிற சலிப்பான பொறுமை.

நிபுணர்கள் இருந்தும் விபத்து நடக்கவில்லையா என்று ஒருவர் கேட்டார். நடந்தது. 2009 மார்ச் 6ஆம் தேதி பெங்களூரிலிருந்து கிளம்பிய 'சரஸ்' சோதனை விமானம் பிடதி அருகே விழுந்தது. பறக்கும்போதே ஓர் எஞ்சினை அணைத்து மறுபடி மூட்டிப் பார்க்கும் சோதனை அது. விமானப் படையின் பரீட்சை விமானிகள் இருவரும் சோதனைப் பொறியாளர் ஒருவரும் இறந்தார்கள். மனம் கனக்கிற விஷயம். ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு என்ன? நிபுணர்களுக்கே அவ்வளவு கஷ்டமான காரியம் என்றால், ஞாயிற்றுக்கிழமை விமானி தனியாகப் போகலாம் என்பதா?

நான் புதுவை அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கோப்புகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன். ஒரு காசோலைக்கு இரண்டு கையெழுத்து ஏன் வைத்தார்கள்? முதல் ஆள் தவறினால் இரண்டாவது ஆள் நிறுத்துவதற்கு. நடைமுறையில் என்ன நடந்தது? மேலொப்பம் போடுபவர் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. "கீழே போட்டிருக்கிறாரே" என்று இவரும் போடுவார். "மேலே பார்ப்பாரே" என்று அவர் போட்டிருப்பார். ஒரு அலுவலகத்தில் இப்படிப் போன தொகையை மீட்க வருஷங்கள் ஆயின. பெயர் வேண்டாம்.

பக்கத்து இருக்கையில் உட்காருபவரும் அந்த மாதிரி மேலொப்பமாகிவிட்டால் அவர் எடை மட்டும்தான் மிச்சம். ஆகவே தங்கை மகனுக்கு நான் எழுதியது இது. வருகிறவர் உன் விமானத்தை முதலில் தரையில் நாள் கணக்கில் குடையட்டும். ஒவ்வொரு மரையையும் கேட்கட்டும், எரிபொருள் நிமிஷத்துக்கு எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து காட்டச் சொல்லட்டும். யார் தலைமை, எப்போது கை மாறும், எந்தச் சொல் சொன்னால் மாறும் என்று கீழேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஓடுபாதையில் பாதி தாண்டியும் இன்ன வேகம் வரவில்லை என்றால் விவாதம் இல்லாமல் எஞ்சினைக் குறைப்பது என்று எண்ணைக் குறித்து வையுங்கள். எல்லாம் முடிந்து, வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் காமிராவோடு நிற்கும்போது, அவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால், காரணம் கேட்காமல் விமானத்தைக் கொட்டகைக்குத் தள்ள உனக்கு மனம் இருக்கிறதா? இருந்தால் அவரைக் கூப்பிடு. 'வேண்டாம்' என்று சொல்ல அதிகாரம் இல்லாதவர் உனக்குச் சாட்சியே தவிரத் துணை அல்ல.

இனி நம் ஊருக்கு வருவோம். இதெல்லாம் வெள்ளைக்காரர் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, காந்திவலியில் தான் குடியிருந்த கட்டடத்து மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் அது மும்பைக் கண்காட்சியில் நின்றது. 2017 நவம்பரில் பதிவு கிடைத்தது. பறக்க அனுமதி 2019இல். துலேயில் அது எழும்பியது 2020இல். மாடியிலிருந்து இறங்கியது மறுபடி மேலே போக நாலு வருஷம். அவர் தொழில்முறை விமானி, விடாக்கண்டர், முதலமைச்சர் வரை போய் நின்றார். அந்தச் சக்தி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒன்று, விட்டுவிடுவார்கள். அல்லது யூடியூபைப் பார்த்துச் செய்த யந்திரத்தை யாருக்கும் தெரியாமல் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்க் கிளப்பிப் பார்ப்பார்கள். கேட்டால் அனுமதி இல்லை என்பார்கள் என்று தெரிந்தவன் யாரையும் கேட்க மாட்டான். அனுபவஸ்தரைக்கூடக் கேட்க மாட்டான். தடை மட்டும் போடுகிற சர்க்கார் அவனைத் தனியாக அனுப்புகிற சர்க்கார்தான்.

1934ஆம் வருஷத்து விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து பாரதிய வாயுயான் சட்டம் வந்திருக்கிறது. பெயர் மாறியதோடு நிற்க வேண்டாம். வீட்டு விமானத்தின் சோதனைக் காலத்துக்குத் தெளிவான ஒரு வழிமுறையும், கூடப் பறக்கத் தகுதி உள்ளவர்களின் பட்டியல் ஒன்றும் வேண்டும் என்கிறேன். ஆட்களுக்கா பஞ்சம்? விமானப் படைக்குப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்திலேயே இருக்கிறது. பரீட்சை விமானிகளை உருவாக்கும் பள்ளி பெங்களூரில் இருக்கிறது. அங்கிருந்து ஓய்வு பெற்றவர்கள் நம்மைப்போலவே காலையில் நடந்து, பேப்பர் படித்து, பேரனுக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள். இதில் எத்தனை பேர், சின்ன விமானத்தில் கை பழக்கத்தை விடாமல் வைத்திருந்து, ஓர் இளைஞனுக்குப் பக்கத்தில் உட்காரச் சம்மதிப்பார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறோமா? கேட்டு எழுதி வைக்கும் வேலை ஒரு குமாஸ்தா ஒரு மாதத்தில் முடிக்கிற வேலை. செய்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

லாஸ்பேட்டை ஓடுபாதையில் பெரிய கம்பெனி விமானம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று நாம் வருஷக்கணக்கில் புலம்பியிருக்கிறோம். அந்த ஓடுபாதை சும்மா கிடக்கிற வேளைகளில் இப்படிப்பட்ட சோதனைகளுக்கு இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சுற்றிலும் வீடு நெருங்கிவிட்டது, அங்கே வேண்டாம் என்று தெரிந்தவர் சொன்னால், அதையும் ஒரு 'வேண்டாம்' என்று ஏற்றுக்கொள்கிறேன். வேறு இடம் பார்க்கட்டும்.

தங்கை மகன் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். இரண்டு பேர் விமானத்தைப் பார்த்துவிட்டு, இது குறை, அது குறை என்று சொல்லிப் போய்விட்டார்களாம். அவனுக்கு வருத்தம். அந்த இருவர் சொன்ன குறைகளை ஒரு நோட்டில் எழுதிச் சரிசெய்துவிட்டு, அவர்களையே மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். கோழை என்று சொன்ன நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அப்படிச் சொல்லத் தோன்றினால், உங்கள் வீட்டுப் பிள்ளையை அந்த முதல் இருக்கையில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.